ஒரே ஒரு நிஜ அலறல்

பேய் மாமாவைப் பார்த்து இதுவரை ஒருவரும் பயந்ததில்லை. அடுக்குமாடிப் பொடிசுகள் லிஃப்டில் அவரைக் கண்டால், "மாமா, இன்னிக்கு யாரோட கை?" என்று கேட்டு, அவர் பையைத் திறந்து காட்டும்வரை விடமாட்டார்கள். பையில் பெரும்பாலும் கைதான் இருக்கும். சில நாள் காது. ஐம்பத்து மூன்று வயது, நரைத்த மீசை, எந்த வங்கிக் கவுண்டருக்குப் பின்னால் உட்கார வைத்தாலும் பொருந்திப்போகிற சாதுவான முகம். கறுப்பு உடையும் தலைவிரி கோலமுமாக யாரோ கதவைத் திறப்பார் என்று எதிர்பார்த்து வருகிறவர்கள் ஏமாந்துதான் போவார்கள்.

ஆரம்பத்தில் அவர் பல் கட்டுகிற கூடத்தில்தான் வேலை பார்த்தார். மனிதர்களுக்கான பல். ஒரு நாள் நாடகக் குழு ஒன்று வந்து ரத்தக்காட்டேரிக்கு இரண்டு கோரைப்பல் கேட்டது. செய்து கொடுத்தார். அது அவ்வளவு கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது. நடிகர் அதோடேயே சாப்பிட்டார், தூங்கினார், மறுநாள் அதோடேயே அலுவலகத்துக்கும் போய்விட்டார். இதைக் கேள்விப்பட்ட மாமாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அதற்கப்புறம் அவர் மனிதர்கள் பக்கம் திரும்பவே இல்லை. பொழுதுபோக்குப் பூங்காவின் பேய் பங்களாவுக்கு வேண்டிய வெட்டுப்பட்ட கை, உரிந்த தோல், தொங்குகிற கண் எல்லாமே இருபது வருஷமாக அவர் வீட்டுப் பின்னறையில்தான் பிறக்கின்றன.

பிரசவம் சுலபமில்லை. ரப்பர் பாலா, சிலிக்கானா என்று முடிவு செய்யவே மூன்று நாள் ஆகும். தூரத்தில் தொங்குவதற்கு ரப்பர் பால் போதும். கைக்கெட்டும் இடத்தில் கிடக்கப்போவதென்றால் சிலிக்கான். தொட்டால் சதை மாதிரி அமுங்கும். ஆனால் அதன்மேல் சாதாரண பெயின்ட் ஒட்டாது, சாயத்தையும் சிலிக்கானில் கரைத்துத்தான் பூச வேண்டும். அப்புறம் மினுக்கம் இருக்கலாமா கூடாதா என்கிற மகா விவகாரம். புதுக் காயம் ஈரமாக மினுங்க வேண்டும், பழைய காயம் மினுங்கவே கூடாது. இதில் தப்புப் பண்ணுகிறவர்களைப் பற்றி மாமா பேசத் தொடங்கினால், கேட்கிறவர் எழுந்து போய் டீ குடித்துவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்தே தலையாட்டலாம்.

கடைசிப் பரீட்சை மனைவியிடம். செய்து முடித்ததை மாமா வீட்டில் எங்காவது ஒளித்து வைப்பார். ஃபிரிட்ஜில், பீரோவில், வாஷிங் மெஷினுக்குள். மனைவி பார்த்து அலற வேண்டும், அதுதான் திட்டம். ஆனால் அவரோ அவசர சிகிச்சைப் பிரிவில் இருபத்தாறு வருஷமாக நர்ஸ். தெருவே நர்ஸம்மா என்றுதான் கூப்பிடும், மாமாவும் அப்படித்தான். துணியோடு துணியாக ஒரு துண்டுக் கை வந்தால் நர்ஸம்மா அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்.

"ஏங்க, இது எப்ப வெட்டுனது?"

"இப்பதான். ஒரு அஞ்சு நிமிஷம்னு வெச்சுக்கயேன்."

"அஞ்சு நிமிஷத்துல இப்படிக் கறுக்காது. இது மூணு மணி நேரத்து ரத்தம். நகத்தடியில வேற ரோஸ் கலர் அடிச்சிருக்கீங்க. வெட்டுன கைக்கு ரோஸ் எங்கேர்ந்து வரும்?"

மாமா அந்தக் கையை வாங்கிக்கொண்டு பின்னறைக்குப் போவார். அங்கே அலமாரி நிறையச் சாயப் புட்டிகள். ஒட்டியிருக்கிற சீட்டுகளில் சிவப்பு, பழுப்பு என்றெல்லாம் இருக்காது. 'மூணு மணி நேரம்', 'ரெண்டாம் நாள்', 'மூச்சு நின்னதும்', 'உதட்டோரம், நர்ஸம்மா சொன்னது' என்று இருக்கும். இருபது வருஷத்தில் நூற்றுப்பத்து புட்டி சேர்ந்துவிட்டது. அலறல்தான் ஒன்றுகூடச் சேரவில்லை.

இந்த நிலையில் பேய் பங்களாவுக்குப் புது மேலாளர் வந்து சேர்ந்தார். அதற்கு முன்னால் செல்ஃபோன் விற்றவர். பேயும் பேட்டரி மாதிரிதான் என்று நினைப்பு. வந்த வேகத்தில் வெளியேறும் வாசலில் ஐந்து பொத்தான் வைத்த ஒரு பெட்டியை மாட்டினார். பயந்தவர்கள் அலறுகிற முகத்தை அழுத்த வேண்டும், பயப்படாதவர்கள் சிரிக்கிற முகத்தை. வந்தவர்கள் எல்லோரும் சிரிக்கிற முகத்தையே அழுத்திவிட்டுப் போனார்கள்.

"அண்ணே, நாம பேய் விக்கல, அனுபவத்தை விக்கறோம்" என்றார் மாமாவைக் கூப்பிட்டு. "இந்த சீசனுக்கு ஒரு தலை செய்ங்க. தத்ரூபமா இருக்கணும். ஒருத்தராவது நிஜமா அலறணும். இல்லேன்னா எல்லாத்தையும் கேட்லாக் பார்த்து வாங்கிக்கலாம்னு மேலிடம் சொல்லுது."

மேலிடம் என்று அவர் சொன்னது தன்னையேதான். கேட்லாக்கில் கண்ணில் பல்பு எரிகிற பச்சை மண்டை ஒன்று இளித்துக்கொண்டிருந்தது. இந்த மண்டைக்காகவா நம்மைக் கைகழுவப் பார்க்கிறான் என்று மாமாவுக்குக் குமுறிக்கொண்டு வந்தது. ஒரு அலறல், நிஜமான ஒரே ஒரு அலறல், அது கிடைத்தால் பின்னறை பிழைக்கும்.

அச்செடுக்க ஒரு முகம் வேண்டும். நர்ஸம்மாவின் தம்பி, தினமும் ஜிம்முக்குப் போய் மாரை விரித்துக்கொண்டு திரும்புகிறவன், தானாக முன்வந்தான். "எனக்கென்ன பயம் மாமா, ஊத்துங்க!" மூக்கில் இரண்டு ஸ்ட்ராவைச் செருகி, பல் அச்செடுக்கிற மாவைக் கண்ணருகே கொண்டுபோனதும் துள்ளி எழுந்தான். கழுத்தில் கட்டிய துண்டோடு, லிஃப்டுக்குக்கூடக் காத்திராமல் படியிறங்கி ஓடியே போய்விட்டான். இருபது வருஷத்தில் அந்த வீட்டில் பயந்த முதல் ஆள். அதுவும் வெறும் மாவுக்கு.

வேறு வழியில்லாமல் மாமா மீசையில் வாஸலினை அப்பிக்கொண்டு, மல்லாந்து படுத்து, தடவித் தடவித் தன் முகத்திலேயே அச்செடுத்தார். அது தன் முகம் என்கிற நினைப்பே அவருக்கு இல்லை. தினமும் ஷேவ் செய்கிற முகத்தில் பயப்பட என்ன இருக்கிறது? அவருக்கு அது ஒரு அச்சு, அவ்வளவுதான்.

வெட்டு வைக்கலாமா, கண்ணைத் தோண்டலாமா என்று யோசித்தபோது நர்ஸம்மா என்றோ சொன்னது ஞாபகம் வந்தது. "அடிபட்டு வர்றவங்களைப் பார்த்தா எனக்கு ஒண்ணும் ஆகாதுங்க. ஒரு கீறல்கூட இல்லாம, தூங்கற மாதிரியே வர்றாங்களே, அவங்களைப் பார்த்தாதான் பயமா இருக்கும்." அவ்வளவுதான், மாமா ரத்தப் புட்டிகளை ஓரங்கட்டினார். 'மூச்சு நின்னதும்' கன்னத்துக்குப் போனது. 'உதட்டோரம்' உதட்டோரத்துக்கே போனது. புருவத்தையும் மீசையையும் ஊசியால் ஒவ்வொரு முடியாகக் குத்தி ஏற்ற இரண்டு நாள். கடைசியில் முகப் பவுடரைத் தட்டி, இருந்த கொஞ்சநஞ்ச மினுக்கத்தையும் எடுத்தார். தள்ளி நின்று பார்த்து, "பிரமாதம்" என்று தானே சொல்லிக்கொண்டார்.

ஃபிரிட்ஜும் பீரோவும் இனி எடுபடாது. தலையைப் படுக்கையறைத் தலையணையில் வைத்து, கீழே போர்வையைச் சுருட்டி உடம்பாக்கி, கழுத்துவரை போர்த்திவிட்டார். அலறலை மேலாளருக்குப் போட்டுக் காட்ட வேண்டுமே, செல்ஃபோனை ஒலிப்பதிவில் போட்டு அலமாரி மேல் வைத்தார். காலை டியூட்டி முடிந்து நர்ஸம்மா வருகிற மூன்று மணிக்குச் சமையலறையில் பதுங்கிக்கொண்டார்.

பூட்டு திறந்தது. செருப்புக் கழற்றுகிற சத்தம். "ஏங்க, சாப்பிட்டீங்களா?" பதில் சொல்லத் துடித்த வாயை மாமா கையால் பொத்திக்கொண்டார். படுக்கையறைக் கதவு கிறீச்சிட்டது. அப்புறம் சத்தமே இல்லை.

ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம். போச்சு, இதிலும் ஏதோ கலர் தப்பு என்று மாமாவின் முகம் தொங்கிப்போனது. எது தப்பு என்று கேட்டுக்கொள்ளலாம் என்று எழுந்து போனார்.

நர்ஸம்மா கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். தோளில் மாட்டிய பையைக்கூட இறக்கவில்லை. வலதுகையின் இரண்டு விரல் அந்தத் தலையின் தாடைக்குக் கீழே, கழுத்தில். இடதுகையைத் திருப்பி வாட்ச்சைப் பார்த்துக்கொண்டிருந்தார். உதடு அசைந்தது. விரலைக் கொஞ்சம் கீழே நகர்த்தினார். மறுபடி ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினார். இருபத்தாறு வருஷம் நாடி பார்த்த விரலுக்கு சதை எது, சிலிக்கான் எது என்று தெரியாதா? அன்றைக்குத் தெரியவில்லை.

"நர்ஸம்மா..." என்றார் மாமா.

நர்ஸம்மா திரும்பினார். வாசலில் நிற்கிறவரைப் பார்த்தார். தலையணையைப் பார்த்தார். மறுபடி வாசலைப் பார்த்தார். அப்போதுதான் அலறினார்.

மேல்மாடியில் கதவுகள் திறந்தன. தண்ணீர் பாட்டில் பறந்து வந்தது. அப்புறம் நர்ஸம்மாவே வந்து, இரண்டு கையாலும் மாமாவின் நெஞ்சில் குத்து குத்தென்று குத்தி, குத்திய இடத்திலேயே காதை வைத்துக்கொண்டு அழுதார். மாமாவுக்குச் சந்தோஷம் வரவில்லை. தலை குனிகிற அளவுக்கு வெட்கம்தான் வந்தது.

"இனிமே என்கிட்ட கலர் கேக்காதீங்க."

"கேக்க மாட்டேன்மா. சத்தியமா கேக்க மாட்டேன்."

மறுநாள் காலையில் மாமா தலையைப் பின்னறைக்குக் கொண்டுபோனார். மீசையைப் பிடுங்கினார். நெற்றியைப் பிளந்து, தக்காளிச் சிவப்பைக் கரைத்து ஊற்றினார். கன்னத்துக்குப் பச்சை, ஒரு கண்ணுக்கு ஸ்பிரிங், எல்லாவற்றுக்கும் மேலே மூன்று பூச்சு பளபளப்பு. கேட்லாக் மண்டைகூட அதைப் பார்த்தால் கூச்சப்படும். வேலை போனால் போகட்டும் என்று பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து ஒலிப்பதிவைக் கேட்டார். "ஏங்க, சாப்பிட்டீங்களா?" என்பதற்கு மேல் கேட்க முடியவில்லை. அழித்துவிட்டார்.

தலையைப் பார்த்ததும் மேலாளருக்கு வாயெல்லாம் பல்.

"அண்ணே! இதுதாண்ணே தத்ரூபம்! இத்தனை நாள் எங்க வெச்சிருந்தீங்க இந்தத் திறமையை? யாராவது அலறினாங்களா?"

"இல்ல சார். யாரும் அலறல."

"பரவால்ல விடுங்க, இனிமே அலறுவாங்க." இன்னும் மூன்று வருஷத்துக்கு மாமாதான் என்று அன்றைக்கே எழுதிக் கொடுத்துவிட்டார். பேய் பங்களாவில் இப்போது அந்தத் தலையோடு செல்ஃபி எடுக்க வரிசை நிற்கிறது. சிரிக்கிற முகப் பொத்தான் தேய்ந்துபோய் இரண்டு தடவை மாற்றியாகிவிட்டது.

நர்ஸம்மா இப்போதெல்லாம் காலையில் டியூட்டிக்குக் கிளம்பும்போது பின்னறைக்கு வருவார். ஏதோ ஒரு காதுக்குச் சாயம் பூசிக்கொண்டிருக்கிற மாமாவின் தாடைக்குக் கீழே இரண்டு விரலை வைத்து, வாட்ச்சைப் பார்ப்பார். மாமா பிரஷைத் தூக்கிப் பிடித்தபடி, அவர் எண்ணி முடிக்கும்வரை அசையமாட்டார்.

"எழுபத்தாறு" என்பார் நர்ஸம்மா. "கதவைப் பூட்டிக்கோங்க."