எலிக்குத் திரும்பி வந்தது

எங்க வேலை எண்டு ஆராவது கேட்டால், "ஆஸ்பத்திரி லாப்பில, ரத்தம் டெஸ்ட் பண்ணுறது" எண்டு சொல்லிப்போட்டு அடுத்த கதைக்குப் போயிடுவன். லண்டனில, பிளேஸ்டோவில ஒரு பிறந்தநாள் வீட்டில, பத்துச் சனம் ரோல்ஸ் கடிச்சுக்கொண்டு நிக்கேக்க, நான் எலியின்ர விதையைச் சீவுறன் எண்டு சொல்லேலுமோ? சொன்னால் பிறகு சாகும் வரைக்கும் எனக்கு அதுதான் பட்டம்.

ஆனால் உண்மை அதுதான். எண்பதுகளின்ர கடைசி வருசங்களில நான் அந்த ஆஸ்பத்திரியின்ர ஆராய்ச்சி லாப்பில டெக்னீசியன். ஆம்பிளை ஹோர்மோனைச் சுரக்கிற கலங்கள், செல் எண்டுறது, விதைக்குள்ள இருக்கு. ஒரு ஊசி போட்டால் எலிக்கு அந்தக் கலங்கள் நாலைஞ்சு நாளில முழுக்கச் செத்துப்போகும், ஒண்டும் மிஞ்சாது. பிறகு எலியைச் சும்மா விட்டுவிடுவம். மூண்டாம் கிழமை அங்கொண்டும் இங்கொண்டுமாய்த் தலை காட்டும். ஏழாம் கிழமை பழையபடி நிறைஞ்சிருக்கும். எங்க இருந்து வருகுது? ரத்தக் குழாய்க்குப் பக்கத்தில நூல் மாதிரி மெலிஞ்ச சில கலங்கள் ஒரு வேலையும் செய்யாமல் கிடக்கும். அதுகள்தான் மூலக் கலங்கள், அதுகள்தான் வளர்ந்து மாறுது எண்டது எங்கட லாப் பெரியவவின்ர எண்ணம். ஸ்கொட்லாந்துக்காரி, நல்ல மனிசி, பகிடி மட்டும் தெரியாது. நான் சீவி, சாயம் போட்டு, எண்ணிக் குடுக்க வேணும். ஹோர்மோன் செய்யிற கலங்கள் நீலமாய் நிக்கும்.

கலியாணம் கட்டி ஐஞ்சு வருசம், எங்களுக்குப் பிள்ளை இல்லை. மோர்டனில இருக்கிற என்ர அக்கா கிழமைக்கு ஒருக்கால் போன் எடுத்து, என்ர மனிசிக்கு ஏதாவது புத்தி சொல்லுவா. இதைச் சாப்பிடு, அதைச் சாப்பிடாதை, கந்தசஷ்டி விரதம் ஆறு நாளும் பிடி. என்னை ஒரு சொல் கேக்கமாட்டா. எங்கட சனத்துக்குப் பிள்ளை இல்லையெண்டால் அது பொம்பிளையின்ர பிழை. எனக்கு இப்பவும் அதை நினைச்சால் பத்திக்கொண்டு வரும், என்னிலயும் சேர்த்துத்தான். மனிசி விரதம் பிடிச்சா. அவவுக்கு சாண்ட்விச் பக்டரியில காலமை ஷிப்ட். நாள் முழுக்க முட்டையும் சீஸும் பாணுக்குள்ள வைச்சுக் குடுத்துப்போட்டு, பின்னேரம் ஒரு கிளாஸ் பாலும் ஒரு வாழைப்பழமும்.

டொக்டர்மார் அவவைச் சோதிச்சு ஒரு குறையும் இல்லை எண்டிட்டினம். பிறகு என்னைக் கூப்பிட்டவை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில தனியப் போய்ச் சாம்பிள் குடுத்திட்டு வந்தன். முடிவை லாப் விலாசத்துக்கு அனுப்பச் சொன்னன். விந்தணு ஒண்டுகூட இல்லை எண்டு கடிதம் வந்தது. பதினேழு வயசில எனக்குக் கூகைக்கட்டு வந்து, கன்னம் வீங்கினதோட நிக்காமல் விதைக்கும் இறங்கி, ரெண்டு கிழமை நடக்கேலாமல் கிடந்தனான். அது வேலையைக் காட்டியிருக்கு. கடிதத்தை லாப் மேசை லாச்சிக்குள்ள வைச்சுப் பூட்டினன். மனிசியிட்டை, "பொறுத்திருக்கட்டாம்" எண்டு மட்டும் சொன்னன்.

ஏன் சொல்லேல்லை? வெக்கம் ஒண்டு. மற்றது எலி. ஏழாம் கிழமைக் கண்ணாடியை மைக்கிரஸ்கோப்பில வைச்சுப் பார்த்தால் செத்த இடமெல்லாம் நீலம். எலிக்கு வருகுது, எனக்கு ஏன் வராது? படிச்ச மடையன் எண்டு சொல்லுவினமே, அது நான்தான். இன்னும் கொஞ்ச நாள் போகட்டும், திரும்ப டெஸ்ட் எடுப்பம் எண்டு இருக்க ஒரு சஷ்டி வந்து போச்சு. அவ ஆறு நாளும் பிடிச்சா. நான் பார்த்துக்கொண்டிருந்தன்.

அடுத்த சஷ்டியின்ர நாலாம் நாள், எலியைப் பற்றிக் கேக்கிற மாதிரிப் பெரியவவிட்டைக் கேட்டன். விந்தணு செய்யிற கலங்கள் செத்தால் அதுகளும் இப்பிடித் திரும்பி வருமோ? அவ மைக்கிரஸ்கோப்பில இருந்து கண்ணை எடுக்கேல்லை. அது வேற குடும்பம், அதுக்கு வேற மூலக் கலம், அந்த மூலமே செத்துப்போனால் ஒண்டும் வராது எண்டா. ஹோர்மோன் கலங்கள் பழுதில்லாமல் இருந்தால் அந்த ஆள் காலமை எழும்பிச் சவரம் செய்துகொண்டு நல்லாய்த்தான் திரிவார், தெரியவே தெரியாது எண்டா.

தாங்ஸ் சொல்லிப்போட்டு அண்டைக்கு எண்ண வேண்டியதை எண்ணி முடிச்சன். பிறகு லாச்சியைத் திறந்து கடிதத்தை எடுத்துக்கொண்டு வீட்டை வந்தன்.

மனிசி என்ர அக்காவோட போனில நிண்டா. "ஓம் மச்சாள், பிடிக்கிறன். ஓம், அடுத்த வருசமும் பிடிக்கிறன்." உதடு வெடிச்சிருந்தது. போனை வைக்கும் மட்டும் பொறுத்துக் கடிதத்தைக் குடுத்தன்.

"இனி விரதம் பிடிக்க வேண்டாம். பிழை என்னிலதான்."

ரெண்டு தரம் வாசிச்சா. பிறகு மேல இருந்த திகதியைப் பார்த்தா.

"போன சஷ்டிக்கு முதலே உங்களுக்குத் தெரியும்?"

"ஓம்."

"நான் ஆறு நாளும் கிடந்ததைப் பார்த்துக்கொண்டு இருந்தனீங்கள்?"

"ஓம்."

அழுவா, பேசுவா எண்டு நினைச்சன். பேசியிருந்தால் எனக்கு ஆறுதலாய் இருந்திருக்கும். அவ குசினிக்குப் போய் அரிசியைக் கழுவி வைச்சா. பருப்பும் வைச்சா. வெந்ததும் ஒரு பிளேட் மட்டும் எடுத்து, சோத்தைப் போட்டுக்கொண்டு மேசையில வந்து இருந்தா.

"மச்சாளுக்கு எடுத்து நீங்களே சொல்லுங்கோ. இப்ப, எனக்கு முன்னால."

எடுத்தன். கூகைக்கட்டில இருந்து கடிதம் வரைக்கும் எல்லாம் சொன்னன், ஒரு வருசத்துக்கு மேலாய் ஒளிச்சு வைச்சதையும் சொன்னன். கேட்டு முடிச்சிட்டு அக்கா, "தம்பி, அவளிட்டைக் குடு" எண்டா.

நான் போனை நீட்டினன். மனிசி பருப்பும் சோறும் குழைச்சு ஒரு வாய் வைச்சு, ஆறுதலாய் மெண்டு விழுங்கினா. கையை நீட்டேல்லை.

"நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறன் எண்டு சொல்லுங்கோ."