நாலு மைலில் பதினேழு இறக்கம்

எங்கள் தாலுகா ஆந்திராவுக்கா மதராசுக்கா என்று பெரிய மனிதர்கள் பேசித் தீர்க்காமல் இருந்த வருஷங்களில்தான் நான் சைக்கிள் கற்றேன். அவர்களாவது உட்கார்ந்த இடத்தில் தடுமாறினார்கள்.

புத்தூரிலிருந்து நாலு மைல் தள்ளி ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடம். அதில் நான் தற்காலிக டீச்சர். ஒன்பதரைக்கு மணி அடிப்பார்கள். பஸ் பத்து மணிக்குத்தான் வரும். நடந்து போய்ப் பார்த்தேன். முதல் பாடத்திலேயே பிள்ளைகளுக்கு முன்னால் தூங்கிவிட்டேன். ஹெட்மாஸ்டர் நல்ல மனிதர், பயந்த மனிதர். "அடுத்த மாசம் இன்ஸ்பெக்டர் வர்றாரும்மா. அன்னிக்கும் லேட்டுன்னா பர்மனென்ட் ஆகாது. வீட்டுக்குப் போகவேண்டியதுதான்" என்றார். வீட்டுக்குப் போனால் அடுத்த முகூர்த்தத்திலேயே என்னை ஒரு மாமியாரிடம் ஒப்படைத்துவிடுவார்கள். எனக்கு அந்த வேலை வேண்டும்.

நைனா எங்கோ அலைந்து பழைய லேடீஸ் சைக்கிள் ஒன்று கொண்டுவந்தார். வற்றிக் கிடந்த ஏரிக்குள் ஒரே வாரத்தில் கற்றுக்கொண்டேன். ஏரிக்குள் மாட்டுவண்டி வராது. ரோட்டில் வந்தது. வண்டி வந்தால் இறங்கினேன், ஆடு வந்தால் இறங்கினேன், லாரிச் சத்தம் எங்கேயோ கேட்டாலும் இறங்கி முள்ளுக்குள் நின்றேன். ஒருநாள் எண்ணிப் பார்த்தேன், பதினேழு தடவை. அன்று தலையில் வேர்க்கடலை மூட்டையோடு நடந்துபோன ஒருவர் என்னை மூன்று முறை தாண்டிப் போனார். மூன்றாம் முறை நின்று, "யம்மா, வண்டிய ஓட்டிக்கினு போறியா, மேச்சிக்கினு போறியா?" என்று கேட்டார். பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. ஆனாலும் அடுத்த மாட்டுவண்டிக்கு இறங்கத்தான் செய்தேன்.

இன்ஸ்பெக்டர் வரும் நாள் எட்டரைக்கே கிளம்பினேன். பாதி வழியில், வளைவு திரும்பியதும், ரோட்டை அடைத்துக்கொண்டு ஓர் ஊர்வலம் எனக்கு முன்னே போய்க்கொண்டிருந்தது. கொடி, தட்டி, கோஷம். எங்கள் தாலுகாவை மதராசோடு சேர்க்க வேண்டுமாம். சேருங்கள், யார் வேண்டாம் என்றது? ஆனால் அவர்கள் நடந்த நடைக்கு நான் பின்னால் இறங்கித் தள்ளிக்கொண்டு போனால், பத்தரைக்கு முன் போய்ச் சேர முடியாது.

பிரேக்கில் கை வைத்தேன். பிறகு எடுத்துவிட்டேன். வந்த ஆத்திரத்தில் மணியை அடித்துக்கொண்டு உள்ளே விட்டேன்.

விலகினார்கள்! "டேய், டீச்சரம்மா வருது, வழி வுடு" என்று ஒரு குரல் கேட்டது. நாம் இறங்காவிட்டால் மற்றவர்கள் ஒதுங்குவார்கள் என்பதை இத்தனை நாள் எனக்கு ஒருவரும் சொல்லித்தரவில்லை. ஹாண்டில் ஆடவில்லை, கால் நடுங்கவில்லை. தட்டி பிடித்திருந்த இருவரையும் தாண்டி வெளியே வந்தபோது, அழுகிற அளவுக்குச் சந்தோஷமாக இருந்தது.

பொம்பளையே முன்னால் போகிறாள் என்று ஊர்வலத்துக்கு ரோஷம் வந்திருக்க வேண்டும். எல்லாரும் ஓட்டமும் நடையுமாகப் பின்னாலேயே வந்திருக்கிறார்கள். எனக்குத் தெரியாது. ஓட்டிக்கொண்டே திரும்பிப் பார்க்க நான் இன்னும் கற்கவில்லை. ஒன்பது இருபதுக்குப் பள்ளிக்கூட வாசலில், இன்ஸ்பெக்டர் எதிரிலேயே, அழகாக இறங்கினேன். கொஞ்ச நேரத்தில் ஊர்வலமும் வந்து நின்றது. "டீச்சரம்மா வாழ்க!" என்று கத்தினார்கள்.

"ஏமம்மா, ஊரேகிம்புக்கு லீடரா நுவ்வு?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர். ஊர்வலத்துக்கு நான் தலைவியாம். "இல்லை சார், நான் டயத்துக்கு வந்திருக்கேன்" என்றேன்.

பத்து நாளில் மெமோ வந்தது. சர்க்கார் சம்பளம் வாங்கிக்கொண்டு சர்க்காருக்கு எதிராக ஊர்வலம் நடத்தியதற்கு விளக்கம் கேட்டிருந்தார்கள். ஹெட்மாஸ்டருக்கு என்னைவிட அதிகமாக வியர்த்தது.

"ஒரே வழிதாம்மா. உனக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாதுன்னு எழுதிக் குடு. பிரேக் பிடிக்கத் தெரியல, வண்டி தானா பூந்துட்சின்னு."

"எனக்கு ஓட்டத் தெரியும் சார்."

"தெரியும்னா, நீ வேணும்னே முன்னால போனேன்னு ஆயிடும்."

வீட்டில் நைனாவும் அதையே சொன்னார். "எழுதிப்புட்டு வேலையப் பாரு. யார் படிக்கப்போறான்?"

எழுதினேன். 'நான் வாகனம் பழகாதவள். அன்று வாகனம் என் கட்டுப்பாட்டில் இல்லை. நான் அதை ஓட்டவில்லை, அதுதான் என்னைக் கொண்டுபோயிற்று.' கீழே கையெழுத்தும் போட்டேன்.

விளக்கத்தை ஏற்றுக்கொண்டார்கள், வேலையும் நிரந்தரமானது. அதே உத்தரவில் இன்னொரு வரியும் இருந்தது: பொதுமக்களின் பாதுகாப்பைக் கருதி, மேற்படி ஆசிரியை இனி பள்ளிக்குச் சைக்கிளில் வரக் கூடாது. மறுநாளிலிருந்து ஏழரைக்கே கிளம்பி நடந்தேன்.

என் ஆயுசில் ரோட்டில் பயமில்லாமல் சைக்கிள் ஓட்டிய முதல் நாள் அது. அன்று நான் ஓட்டவே இல்லை என்று சர்க்கார் ஃபைலில் இருக்கிறது, என் கையெழுத்தோடு.