ஒரு சுற்று வெட்டிய ஸ்பிரிங்

பட்டறையில் அவரைப் பட்டைக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். லாரியின் சக்கரங்களுக்கு மேலே, வில்லாக வளைந்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டியிருக்கும் இரும்புப் பட்டைகளைக் கழற்றி மாட்டுவது இருபத்திரண்டு வருடமாக அவர் தொழில். லாரி ஒரு பக்கம் சாய்கிறதா, ஒரு பட்டை கூட்டு. பாரம் ஏற்றினால் உட்கார்ந்துவிடுகிறதா, இன்னொரு பட்டை கூட்டு. இந்த வைத்தியம் லாரிகளுக்குப் பலித்தது. பலித்த வைத்தியத்தை யார்தான் லாரியோடு நிறுத்திக்கொள்வார்கள்? வீட்டு அலமாரிக் கதவு தொங்கியபோது மூன்றாவது கீல் போட்டார். கட்டில் கிறீச்சிட்டபோது நடுவில் ஐந்தாவது கால் கொடுத்தார். அந்தக் காலில் வீட்டில் எல்லோரும் முறை வைத்துக் கட்டைவிரலை இடித்துக்கொண்டார்கள். கட்டில் மட்டும் அதன் பிறகு வாயைத் திறக்கவில்லை.

அவர் மனைவி ரத்தம் எடுப்பவர். ஒரு பரிசோதனைக் கூடத்துக்காகக் காலை ஆறு மணிக்குக் கிளம்பி வீடு வீடாகப் போவார். நடக்க முடியாத முதியவர்கள், பிரசவமாகி வந்த பெண்கள், படுக்கையோடு கிடப்பவர்கள் என்று ஒரு நாளைக்குப் பதினான்கு பதினைந்து வீடு. சின்னக் குழாய்களில் ரத்தம் எடுத்து, பெயர்ச் சீட்டு ஒட்டி, ஐஸ் பை வைத்த பெட்டியில் நிறுத்திப் பத்து மணிக்குள் கூடத்தில் சேர்த்துவிட வேண்டும். நரம்பே தென்படாத கையிலும் ஒரே குத்தில் எடுத்துவிடுவார் என்று அவருக்குப் பெயர். வேறு ஆள் வந்தால் கையை நீட்ட மாட்டேன் என்று அடம்பிடிக்கும் வீடுகள் நாலைந்து உண்டு. வெளியே காட்டிக்கொள்ள மாட்டார், ஆனால் அதில் அவருக்குக் கொள்ளைப் பெருமை.

இந்தச் சுற்றுக்காகவே பழைய சின்னக் கார் ஒன்றை வாங்கியிருந்தார்கள். ஒரு நாள் சாப்பிடும்போது பேச்சுவாக்கில், மேட்டுத் தெரு வேகத்தடையில் காரின் அடி தட்டுகிறது என்று மனைவி சொன்னார். சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டார். பட்டைக்காரர் போகவில்லை.

அந்த வார விடுமுறையிலேயே காரை ஜாக்கி வைத்துத் தூக்கினார். பட்டறை மூலையில், சரக்கு வேனிலிருந்து கழற்றிய சுருள் ஸ்பிரிங்குகள் கிடந்தன. காரில் இருந்ததைவிடக் கம்பி நல்ல தடிமன். மாட்டிப் பார்த்தால், நாயைக் கண்ட பூனைபோல் கார் முதுகைத் தூக்கிக்கொண்டு நின்றது. ஒவ்வொரு ஸ்பிரிங்கிலும் ஒரு சுற்றை வெட்டி எறிந்தார், உயரம் சரியாகிவிட்டது. சுருளில் ஒரு சுற்று குறைந்தால் மிச்சம் இன்னும் விறைத்துக்கொள்ளும் என்பது அவருக்குத் தெரியாத விஷயமில்லை. நல்லதாகப் போயிற்று என்றுதான் நினைத்தார். பிறகு முன்பக்கத்தை இரண்டு கையாலும் அமுக்கினார். கார் அசைந்துகொடுக்கவில்லை. பக்கத்துப் பட்டறையில் வெல்டராக இருக்கும் மச்சினனைக் கூப்பிட்டு, அதன்மேல் உட்காரச் சொன்னார். அப்போதும் அசையவில்லை. மனைவி கைக்குக் கல்லுமாதிரி ஒரு கார் கொடுத்துவிட்டதாக அன்றைக்கு அவருக்கு ஏகத் திருப்தி. ஓட்டிப் பார்த்தது பட்டறை வாசலில், புதிதாகத் தார் போட்ட இருநூறு அடி ரோட்டில். அவர் வேலைக்குப் போய்வருவது நடந்துதான், அதனால் அதன் பிறகு பல மாதம் அவர் அந்தக் காரில் ஏறவே இல்லை.

அடி தட்டுவது நின்றுவிட்டது. மற்றதெல்லாம் ஆரம்பித்தது. இரண்டாம் மாதம் டேஷ்போர்டு கடகடத்தது. மூன்றாம் மாதம் முன்விளக்கின் பல்பு செத்தது, புதிது போட்டால் அதுவும் செத்தது. ஷாக் அப்சார்பர்கள் எண்ணெய் கக்கின. அவை பழைய மெத்தென்ற ஸ்பிரிங்குக்காகச் செய்தவை. இந்த முரட்டு ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்கப் போராடி மூச்சு வாங்கிவிட்டன. மூட்டுகளில் அதிர்வைத் தாங்கும் ரப்பர் புஷ்கள் நைந்தன. பட்டைக்காரர் சளைக்கவில்லை. ரப்பர் போன இடத்தில் நைலான் வைத்தார். போல்ட் தளர்ந்த இடத்தில் ஒரு சைஸ் பெரிய போல்ட் முடுக்கினார். ஒன்றைக் கெட்டிப்படுத்தினால் அதற்கு அடுத்தது உடைந்தது.

எட்டாம் மாதம், ஷாக்கின் மேல்முனை போய் உட்காரும் தகட்டில், பெயிண்டுக்கு அடியில் மயிரிழைபோல ஒரு கோடு தெரிந்தது. தகடே கீறிவிட்டிருந்தது. மச்சினன் அதன்மேல் இன்னொரு தகடு வைத்துப் பற்றவைத்தான். ஆறு வாரம் கழித்து, வைத்த தகட்டின் ஓரத்தில், இரண்டு விரல் தள்ளி, அடுத்த கோடு.

"மாமா, இதுக்கு மேல தகரம் வெச்சா காருக்குள்ள ஆள் உட்கார இடம் இருக்காது" என்றான் மச்சினன்.

இன்னும் தடித்த தகடாகப் போடச் சொன்னார் பட்டைக்காரர். கார்க் கம்பெனிக்காரன் தகரத்தைக் காகிதமாக அடித்து ஏமாற்றுகிறான் என்று அரைமணி நேரம் திட்டினார். மச்சினன் கண்ணாடியை முகத்தில் இறக்கிக்கொண்டு வெல்டிங்கைத் தொடர்ந்தான். பதில் சொல்லாமலிருக்க அவனுக்கு அது நல்ல வசதி.

இதே மாதங்களில் மனைவிக்கு வேலையிடத்தில் வேறொரு தொல்லை முளைத்திருந்தது. ரத்தக் குழாயை இயந்திரத்தில் வைத்துச் சுழற்றினால் சிவப்பு அடியில் தங்கி, மேலே தெளிந்த மஞ்சள் நீர் நிற்க வேண்டும். அவர் கொண்டுவரும் குழாய்களில் வாரத்துக்கு மூன்று நாலு, மேலேயும் சிவந்து நின்றன. ரத்தம் உடைந்துவிட்டது என்பார்கள். அதில் பரிசோதனை செய்தால் கணக்குத் தப்பும். அதனால் குழாயைக் கொட்டிவிட்டு மறுபடி எடுத்து வரச் சொல்வார்கள். எடுக்கிற கை சரியில்லாவிட்டால், ஊசியை வெடுக்கென்று இழுத்தால், இப்படி ஆகும். கூடத்தில் எல்லோரும் அப்படித்தான் முடிவுகட்டினார்கள்.

அவர் ஊசியை மாற்றிப் பார்த்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எடுத்துப் பார்த்தார். மேலாளரம்மா எதிரிலேயே, கூடத்தில் வைத்துப் பத்துப் பேருக்கு எடுத்துக் காட்டினார். பத்தும் தெளிவாக வந்தன. வீடுகளிலிருந்து வருவது மட்டும் சிவந்தே வந்தது. அப்படியானால் வெளியே யாரும் பார்க்காதபோது அவசரப்படுகிறீர்கள் என்று ஆயிற்று. எண்பது வயதுக்காரர் ஒருவரிடம் ஒரே வாரத்தில் மூன்றாவது தடவையாகப் போய் நின்றபோது, அவர் ஒன்றும் சொல்லாமல் நீலம் பாரித்த கையை நீட்டினார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது மனைவிக்கு.

கடைசியில் மேலாளரம்மா நாள் குறித்தார். இந்த மாதக் கடைசிவரை பார்ப்பது, சரியாகாவிட்டால் வீட்டுச் சுற்றை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டு இவரை வரவேற்பு மேஜையில் பெயர் எழுத உட்காரவைப்பது. மனைவி இதைப் பற்றி வீட்டில் மூச்சுவிடவில்லை. வெல்டர் தம்பியிடம் மட்டும் சொல்லி அழுதார். தம்பி மறுநாளே மாமாவிடம் வந்து கொட்டிவிட்டான்.

பட்டைக்காரருக்கு முதலில் வந்தது கோபம். தன்னிடம் சொல்லவில்லை என்று கோபம், பிறகு கூடத்தின்மேல் கோபம். ஐந்தாவது கால் கொடுக்க முடியாத விஷயமாக இருந்ததால் என்ன செய்வதென்றே தெரியவில்லை. விடுமுறை நாள் வந்ததும், ஒரு நாள் உன்கூட வருகிறேன் என்றார். மனைவி காரின் பின்கதவைத் திறந்துவிட்டார். பெட்டி வழக்கம்போல் முன்சீட்டில் அவர் பக்கத்தில் இருந்தது.

மூன்றாவது வீடு போவதற்குள்ளேயே பட்டைக்காரரின் தலை இரண்டு முறை கூரையில் இடித்தது. நாலு வழிச் சந்திப்பில் சாக்கடை மூடி ஒன்று ரோட்டைவிட ஒரு விரல் தாழ்ந்து கிடந்தது, அவ்வளவுதான். அதற்கே யாரோ சுத்தியலால் இடுப்பில் போட்டதுபோல் இருந்தது. ஆனால் அவர் பார்த்துக்கொண்டிருந்தது வேறு. ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு கணம் முன்பாக மனைவி சீட்டிலிருந்து கொஞ்சம் எழும்பிக்கொண்டார். ஒரு கை ஸ்டீயரிங்கில் இருக்க, மற்றொரு கை தானாகப் போய்ப் பெட்டியை அமுக்கிப் பிடித்தது. பள்ளம் தாண்டியதும் கை திரும்பி வந்தது. யோசித்துச் செய்கிற மாதிரியே இல்லை. பத்து மாதமாகப் பழகிய கை. பட்டைக்காரருக்கு அவமானமாக இருந்தது.

பெட்டிக்குள் குழாய்கள் டடடடவென்று அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. எங்கேயோ கேட்ட சத்தம். காய்கறி மண்டியைத் தாண்டும்போது அது என்னவென்று பிடிபட்டது. சரக்கை இறக்கிவிட்டு வெறுமனே திரும்பும் லாரியின் சத்தம். பத்து டன் ஏற்றிப் போகும்போது நோகாமல் போகிற லாரி, காலியாகத் திரும்பும்போதுதான் விளக்குத் தாங்கியை முறித்துக்கொண்டு, கேபின் தகரம் கீறி வந்து நிற்கும். அமுக்குவதற்குப் பாரம் இல்லையென்றால் பட்டை வளையாது. வளையாத பட்டை ரோட்டின் அடியை அப்படியே மேலே அனுப்பிவிடும். இதை அவர் எத்தனையோ டிரைவர்களுக்கு வாய் வலிக்கச் சொல்லியிருக்கிறார். ஐந்து கிலோப் பெட்டியோடு ஓடும் இந்தக் கார் சுற்று முழுக்க வெறும் லாரி. அடி புஷ்ஷுக்குப் போனது, அதைக் கெட்டியாக்கினார். தகட்டுக்குப் போனது, அதையும் கெட்டியாக்கினார். கடைசியில் கெட்டியாக்க முடியாத ஓர் இடத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

அன்று அவர் இதை மனைவியிடம் சொல்லவில்லை. சந்தேகம்தானே, சோதித்துப் பார்த்தால் போயிற்று என்று இருந்தார். மறுநாள் பட்டறைக்கு லீவு சொல்லிவிட்டு, விடியற்காலையில் சட்டைக் கையை மடித்து மனைவி முன்னால் உட்கார்ந்தார். ஒரே கையில் இரண்டு குழாய் எடு என்றார். டன் கணக்கில் இரும்பைத் தூக்குகிற மனிதர், ஊசியைப் பார்க்கமாட்டாமல் சுவர் நாள்காட்டியையே வெறித்துக்கொண்டிருந்தார். ஒரு குழாய் மனைவியின் பெட்டியில் காரோடு போனது. மற்றதை ஐஸ் பையோடு துண்டில் சுற்றி, நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அவர் நடந்தார். தளும்பத் தளும்ப நிரப்பிய குடத்தைத் தூக்கிக்கொண்டு நடப்பவர்போலக் கூடம்வரை ஐந்து மைல் நடந்தார்.

மேலாளரம்மா அதிகம் பேசாதவர். இரண்டையும் வாங்கிச் சீட்டைப் பார்த்தார், நேரத்தைப் பார்த்தார், இயந்திரத்தில் எதிரெதிரே வைத்து மூடினார். நின்றதும் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். நடந்து வந்த குழாயில் மேலே தெளிந்த மஞ்சள். காரில் வந்ததில் செம்பருத்தி ஊறவைத்த தண்ணீர் நிறம். மனைவி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஒரே கையில, ஒரே ஊசியில எடுத்ததும்மா" என்றார் பட்டைக்காரர். "இவங்க கையில குத்தமில்லை. கார்ல வேன் ஸ்பிரிங்கை வெட்டி மாட்டுனது நான். ரோடு அடிக்கிற அடியெல்லாம் பெட்டிக்குள்ள போயிருக்கு. தப்பு என்னோடது."

இருபத்திரண்டு வருடத்தில் பட்டறையில் யாரும் அவர் வாயிலிருந்து இந்தக் கடைசிச் சொற்களைக் கேட்டதில்லை. ஒரு குழாயை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது, முதலில் ஸ்பிரிங்கை மாற்றுங்கள், இரண்டு வாரம் பார்க்கலாம் என்றார் மேலாளரம்மா. அந்த இரண்டு வாரத்தில் சிவந்துபோனது ஒரே ஒரு குழாய் என்பதையும், சுற்று மனைவியிடமே தங்கிவிட்டது என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். எண்பது வயதுக்காரரிடம் போய் நடந்ததைச் சொன்னபோது அவர் சிரித்தாராம். ஆனால் பட்டைக்காரருக்கு விஷயம் அங்கே முடியவில்லை.

கூடத்திலிருந்து காரில் திரும்பும்போது அவர் முன்சீட்டில், காலிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முதல் பள்ளம் தாண்டியதும் கேட்டார்.

"இந்தத் தூக்கு தூக்கிப்போடுதுன்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

மனைவி வேகத்தடைக்கு முன்னால் வேகத்தைக் குறைத்தார், சீட்டிலிருந்து எழும்பினார், தாண்டியதும் உட்கார்ந்தார்.

"ஒரு தடவை சொன்னேனேங்க, அடி தட்டுதுன்னு" என்றார். "அதுக்கே இவ்வளவு ஆச்சு."

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவரும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பார். கல்யாணமான பதினெட்டு வருடத்தில் இவள் எதையெல்லாம் தன்னிடம் சொல்லாமலே விட்டிருப்பாள் என்று எண்ணிப் பார்த்தார். எண்ணிக்கை பிடிபடவில்லை. வீடு வரும்வரை பெட்டியைப் பிடித்துக்கொண்டே வந்தார்.

பழைய ஸ்பிரிங்குகளை அவர் தூக்கிப்போட்டிருக்கவில்லை. அன்று மாலையே அவற்றை மாட்டினார். மச்சினன் கீறிய தகட்டைக் கடைசியாக ஒருமுறை பற்றவைத்தான். அதன் பிறகு கோடு அங்கிருந்து நகரவில்லை.

ஒரு மாதம் கழித்து, சாப்பிடும்போது, "அடி தட்டுதா?" என்று கேட்டார்.

மனைவி சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நான் எதையும் கையில எடுக்கலை. சும்மா சொல்லு" என்றார் பட்டைக்காரர்.

"தட்டுது" என்றார் மனைவி. பிறகு, அந்தக் கட்டிலின் ஐந்தாவது காலைப் பற்றியும் சொல்ல ஆரம்பித்தார்.