செண்பகனூர் டீக்கடைக்கு நில உபயோகம் மாற்றிய கதை

பிளான் வரைந்து அப்ரூவல் வாங்கித் தரும் தொழிலில் வரைவது கால்வாசி, வாசலில் காத்து நிற்பது முக்கால்வாசி. மனை வாங்கி மாட்டிக்கொண்ட அன்பர்களே, ஆபீஸ் படியேறிச் செருப்புத் தேய்ந்தவர்களே, கொடைக்கானலில் நான் மேசை போட்டு உட்கார்ந்திருப்பதே உங்கள் புண்ணியத்தில்தான்.

வீடா, கடையா?

செண்பகனூர் ரோட்டோரம் டீக்கடை வைத்திருக்கும் பேச்சியம்மாள் ஒருநாள் வெள்ளனே வந்துவிட்டார். கையில் நோட்டீஸ். மாஸ்டர் பிளான் வரைபடத்தில் அவர் இடம் குடியிருப்புக்கான வண்ணத்தில் இருக்கிறது. அதை வணிக உபயோகத்துக்கு மாற்றி உத்தரவு வாங்காவிட்டால் கடைக்கு சீல். பிழைப்பே அந்தக் கடைதான். "இதில் வீடு எவ்வளவு, கடை எவ்வளவு?" என்று கேட்டேன்.

"முன்னடுப்பு கடைக்கு, பின்னடுப்பு வீட்டுக்கு. ரெண்டுலயும் நாந்தானே வேகுறேன், இதுல என்னத்தப் பிரிக்கிறதுங்க?"

ஆட்சேபணை

மனுப் போட்டால் அக்கம்பக்கத்தாரிடம் ஆட்சேபணை கேட்பார்கள். அடுத்த வீட்டு ரிட்டயர்டு வாத்தியார் எழுதிக் கொடுத்துவிட்டார்: பஸ் நிறுத்த நிழற்குடை ரோட்டில் கொஞ்சம் மேலே தள்ளி இருக்க, பஸ்ஸெல்லாம் டீக்கடை முன்னால் நிற்கிறதாம். உண்மைதான். அந்த நிழற்குடையில் குளிர்காற்று நேராக முகத்தில் அடிக்கும், மாடுகூட ஒதுங்காது. சரிவில் காய்கறி போடுகிறவர்கள் மூட்டையை டீக்கடை முன்னால்தான் இறக்குவார்கள். மூட்டை எங்கேயோ அங்கேதான் டிரைவர் பிரேக் போடுவார். விசாரணைக்கு வாத்தியார் வந்ததே அங்கே பஸ் ஏறித்தான். அதைச் சொன்னேன். மனிதர் அசரவில்லை.

"நான் ஏறுறது வேற சங்கதி தம்பி. பஸ் நிக்கிறதுதான் தப்பு."

கார் நிறுத்துமிடம்

கடை என்றால் கார் நிறுத்த இடம் காட்ட வேண்டும். பேச்சியம்மாள் கடைக்குக் காரில் வந்து டீ குடித்தவரை நான் பார்த்ததில்லை. எல்லாரும் பஸ்சுக்கு நிற்கிறவர்கள். ஆனாலும் சட்டம் சட்டம்தானே. முற்றத்தில் வெள்ளைக்கோடு போட்டு இரண்டு கட்டம் பிரித்தேன். அதிகாரி பார்வையிட வரும் காலையில் போய்ப் பார்த்தால், இரண்டு கட்டத்திலும் சவ்சவ் மூட்டை, கோட்டைத் தாண்டாமல் விவசாயிகள் அழகாக அடுக்கியிருக்கிறார்கள். தங்களுக்காகத்தான் கோடு போட்டிருக்கிறது என்று நினைத்துவிட்டார்களாம்! பேச்சியம்மாள் முகம் வெளுத்துப்போய் நின்றார்.

ஜீப் வந்தது. நிறுத்த இடமில்லை. நான் வாய் திறப்பதற்குள் கீழே போகிற பஸ் வந்து நின்றது. மளமளவென்று மூட்டைகள் ஏறின, கட்டம் காலி. ஜீப் உள்ளே போனது. அதிகாரி அளந்தார், சிரித்தார், டீயும் குடித்தார். பஸ்ஸை நம்பி நடக்கிற கடை என்று எழுதிப் பரிந்துரைத்தார். பின்னாலேயே உத்தரவு வந்தது, கடை பிழைத்தது. சொந்த வீடு கட்டியபோதுகூட எனக்கு அவ்வளவு சந்தோஷம் வந்ததில்லை. ஆனால் பார்வையிட வந்த அன்று அதிகாரி டீயைக் குடித்து முடிப்பதற்குள், அடுத்த மூட்டையைத் தலையில் சுமந்து வந்த விவசாயி ஒருவர் அவரிடமே சொன்னது:

"ஐயா, ஜீப்ப வெரசா எடுங்க, இது மூட்டை வைக்கிற எடம்."

மாஸ்டர் பிளானுக்கு எத்தனை வண்ணம் அடித்தாலும், செண்பகனூரில் நில உபயோகத்தைத் தீர்மானிப்பது சவ்சவ் மூட்டைதான்.