சமிக்ஞை விளக்கடியில் என் மகளின் முகம்

முதலில் அதைப் பார்த்தவர் என் கணவர். வேலை முடிந்து வரும் வழியில், ஜெலுத்தோங் சந்தைக்குப் பக்கத்துச் சமிக்ஞை விளக்கடியில் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, அதன் முன் நின்று தன்னையே ஒரு படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்ஆப் குழுவில் போட்டார். பின்னணியில் தேர்தல் பதாகை. எங்கள் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர், இங்கே எல்லோரும் ஒய்.பி. என்போம், சிரித்தபடி ஒரு பள்ளிப் பையை நீட்டுகிறார். இரண்டு கையாலும் அதை வாங்குபவள் என் மகள். மேலே மலாயிலும் தமிழிலும் ஒரே வாசகம்: வறிய குடும்பத்துப் பிள்ளைகளை நாங்கள் மறப்பதில்லை.

நாங்கள் வறிய குடும்பம் இல்லை. வறுமை அவமானம் என்று நான் சொல்லவில்லை. என் அம்மா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டி என்னைப் படிக்க வைத்தவர். ஆனால் பொய் பொய்தான்.

நடந்தது இதுதான். பள்ளி திறப்பதற்கு முந்தைய சனிக்கிழமை கோயில் மண்டபத்தில் பை வழங்கும் நிகழ்ச்சி. என் கணவர் கோயில் செயலாளர். எனக்கு அன்று வேலை. ஒய்.பி.க்கு வேறு நிகழ்ச்சி இருந்ததால் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார். பை வாங்க வேண்டிய குடும்பங்கள் பாதிகூட வரவில்லை. நம் கூட்டங்களில் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. பிரமுகர் காலி நாற்காலியைப் பார்த்துவிடக் கூடாது என்று வீட்டு ஆட்களையே முன்வரிசையில் உட்கார வைப்போம். அன்றைக்கு நிர்வாகத்தினர் தங்கள் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தினார்கள். தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்த என் மகளிடம், ஒரு படத்துக்குத்தான், சும்மா நில்லும்மா என்றாராம் அப்பா. நின்றாள். வாங்கினாள். ஒய்.பி.யின் கார் போனதும் அந்தப் பையைக் கொண்டுபோய்க் குவியலில் திரும்ப வைத்தவளும் அவள்தான்.

அவளுக்குப் பதினேழு வயது, ஐந்தாம் படிவம் படிக்கிறாள். வகுப்பில் படம் கைக்குக் கை போயிற்று. 'பைக்காரி' என்று பெயரும் வைத்துவிட்டார்கள். அதைக்கூடத் தாங்கிக்கொண்டாள். ஓர் ஆசிரியை தனியாக அழைத்து, வீட்டில் காலையில் சாப்பிட ஏதாவது இருக்கிறதா என்று அன்போடு கேட்டதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. அதன்பின் காரில் அந்த விளக்கு வரும்போதெல்லாம் குனிந்து சப்பாத்துக் கயிற்றைக் கட்ட ஆரம்பித்தாள். ஏற்கெனவே கட்டியிருந்த கயிறு.

அப்பாவிடம் அவள் கேட்டது ஒன்றே ஒன்று. அதை எடுக்கச் சொல்லுங்கள். அவரோ, கோயில் மண்டபத்துக்குப் புதுக் கூரை போடும் அனுமதி ஒய்.பி. கையில் இருக்கிறது, தேர்தல் முடிகிற வரைக்கும் பொறுத்துக்கொள் என்றார்.

ஆகவே நான் போனேன். ஒய்.பி.யின் சேவை மையத்தில் இருந்த உதவியாளர் பணிவான இளைஞர். உட்கார வைத்துக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். நான் விஷயத்தைச் சொன்னேன்.

"நல்ல படம்க்கா. மத்த படமெல்லாம் பிளர் லா. உங்க மக மூஞ்சிதான் கிளியரா இருக்கு."

"நாங்க ஏழை இல்ல தம்பி."

"அது யாருக்குக்கா தெரியப் போவுது?"

வீடு வந்து சேரும்வரை அந்தக் கேள்வி காதில் கொதித்துக்கொண்டே இருந்தது. வாக்குரிமை வந்த நாளிலிருந்து ஒரு தேர்தலைக்கூட நான் விட்டதில்லை. இந்த அரசியல்காரர்கள் நம்மைத் தேடி வருவதும் தவறியதில்லை. ஆனால் கையை நீட்டிக்கொண்டு நின்றால்தான் இவர்களுக்கு நம்மை அடையாளம் தெரிகிறது. நீட்டாத கையையும் பிடித்து நீட்ட வைத்துப் படம் எடுக்கிறார்கள். அதற்கு ஆள் பிடித்துக் கொடுப்பவர்கள் நம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறார்கள்.

ஞாயிறு காலை, சந்தைக்குப் போன கையோடு, கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு அந்த விளக்கடிக்குப் போனேன். அது குற்றம் என்று தெரியும். மேல் கட்டு எட்டவில்லை. பக்கத்தில் நூடுல்ஸ் விற்கும் மீக்கடைச் சீனரிடம் ஒரு முக்காலி கேட்டேன். நகராண்மைக் கழக ஆளா என்று மலாயில் கேட்டார். இல்லை, இது என் பிள்ளை என்றேன். படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, முக்காலி ஆடாமல் பிடித்துக்கொண்டார். பதாகையை ஓரத்தோடு ஓரம் பொருத்தி மடித்துக் காரின் பின்பெட்டியில் வைத்தேன்.

மதியச் சாப்பாட்டின்போது உதவியாளரிடமிருந்து அழைப்பு வந்தது. கணவரின் கை சோற்றில் இருந்ததால் ஒலிபெருக்கியில் போட்டார். பேனரைக் காணவில்லை, யார் வேலையென்று தெரியுமா என்று அந்தக் குரல் கேட்டது. கணவர் என்னைப் பார்த்தார். நான் கண்ணை எடுக்கவில்லை.

"காத்தா இருக்கும் தம்பி. நேத்து நல்ல காத்து."

நேற்று ஓர் இலைகூட அசையவில்லை.

"பரவால்லண்ணே, ஸ்டோக் இருக்கு. நாளைக்கு வேற கட்டிடுறோம்."

"சரி தம்பி," என்றார்.

என் மகள் மேசைக்குக் குறுக்கே குனிந்தாள். "அண்ணே, படத்துல இருக்கிறவதான் பேசுறேன். காத்து இல்ல. எங்கம்மா வெட்டுனாங்க. திருப்பிக் கட்டுனா நானே வந்து வெட்டுவேன்."

அழைப்பு துண்டிக்கப்பட்டது. கோயில் காரியம் கெட்டுப்போகும் என்று கணவர் ஆரம்பித்தார். அவள் குரலை உயர்த்தவில்லை.

"கோயிலுக்கு நான்தான் கூரையாப்பா?"

அவர் எழுந்து கை கழுவப் போனார்.

செவ்வாய்க்கிழமை அதே இடத்தில் புதிய பதாகை. அதே சிரிப்பு, அதே வாசகம். பை வாங்கும் முகம் மட்டும் வேறு, கொஞ்சம் மங்கல்: ரெட்டைச் சடை போட்ட சின்னப் பெண், ஆரம்பப் பள்ளியில் இரண்டாம் ஆண்டு படிப்பாள் போல. "பாத்தியா, மாத்திட்டாங்க. பிரச்சினை தீந்துச்சு," என்றார் கணவர், நிம்மதியாக. இத்தனை நாளில் எனக்கு வந்த கோபங்களிலேயே பெரியது அந்த நிம்மதியைப் பார்த்து வந்ததுதான். அந்தப் பிள்ளை விஷயத்தில் வாசகம் பொய்யில்லை. அதனால்தான் இன்னும் மோசம்.

அந்தப் பிள்ளையின் வீடு எங்கே என்று கேட்டேன். கணவர் சொல்லவில்லை. மகளுக்குத் தெரிந்திருந்தது, அன்று ஒய்.பி. கிளம்பும் நேரத்தில் பிள்ளையோடு ஓடி வந்த தாய்க்குத் தண்ணீர் கொடுத்து, எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டவள் அவள்தான். இருவரும் போனோம். சந்தைக்குப் பின்னால் உள்ள அடுக்குமாடி. அந்தத் தாய் உணவகத்தில் தட்டு, மங்கு கழுவும் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். படம் போட அவரை யாரும் கேட்கவில்லை. பதாகை வந்ததிலிருந்து அந்த விளக்கடியில் பஸ் ஏறுவதில்லையாம். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அடுத்த நிறுத்தம்வரை நடக்கிறார்களாம்.

உங்களோடு நானும் வருகிறேன், எடுக்கச் சொல்லலாம் என்றேன்.

அவர் பிள்ளையைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, பிள்ளைக்குக் கேட்காதபடி மெதுவாகக் கேட்டார்: "சொன்னா, அடுத்த வருசமும் பை குடுப்பாங்களாக்கா?"

தெரியாதும்மா என்றேன். அவர் கதவைப் பூட்டிவிட்டு, பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வேலைக்குப் போனார். பதாகை இன்னும் அங்கேதான் இருக்கிறது.