உள்ளே சிவந்திருந்த சுவரொட்டி

மகளுக்கு அப்போது ஐந்தாம் மாதம். ரத்தம் குறைவு என்றார்கள். சத்து மாத்திரை போட்டால் வாந்தி எடுத்தாள். என் மனைவிக்குப் பருத்திக் காட்டில் வேலை இருந்ததால், சுகாதார நிலையத்துக்கு நான்தான் கூட்டிப்போனேன். அத்தனை பெண்களுக்கு நடுவே தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். நர்சம்மா என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

"கறி, சுவரொட்டி எல்லாம் குடுங்க. ஆனா உள்ள சிவப்பு தெரியாம வேகணும். அரைவேக்காடு வயித்துப் பிள்ளைக்கு ஆகாது. கேட்டியளா?"

கேட்டுக்கொண்டேன்.

மறுவாரம் சம்பந்தி வீட்டுக் குலசாமி கோயிலில் கிடாவெட்டு. இடைசெவல் பக்கம் கரிசல் காட்டுக்குள் கோயில். ஆட்டின் மண்ணீரலைத்தான் எங்கள் பக்கம் சுவரொட்டி என்போம். ஒரு கிடாவுக்கு ஒன்றுதான் இருக்கும். அதைத் தணலில் சுட்டுப் பிள்ளைத்தாய்ச்சிக்குக் கொடுப்பது வழக்கம். அதிகம் சுட்டால் ரத்தமெல்லாம் தீயோடு போய்விடும் என்றும் சொல்வார்கள்.

நாலு பேரோடு நின்று பேச எனக்கு வராது. அதனால் அடுப்புப் பக்கம் போய் உட்கார்ந்தேன். சம்பந்தி சுவரொட்டியைக் கம்பியில் குத்தி என் கையில் கொடுத்தார். கருவேலங்கட்டைத் தணலில் திருப்பித் திருப்பிக் காட்டினேன். மேலே கறுத்துவிட்டது. கத்தியால் கீறிப் பார்த்தேன். உள்ளே ரத்தச் சிவப்பு. மறுபடியும் தணலில் வைத்தேன்.

"என்ன சம்பந்தி, சாம்பலாக்கித் திருநீறு பூசப் போறியளா?" என்றார் அவர். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள்.

"அண்ணாச்சி, எடுங்க போதும். நான் மூணு பெத்தவ, எனக்குத் தெரியாதா?" என்றார் சம்பந்தியம்மா.

"நர்சம்மா நல்லா வேக..." என்று ஆரம்பித்தேன்.

"நர்சு நேத்து வந்தவ. இங்கன எல்லாரும் இப்படித் தின்னுதான் பெத்தோம்."

பெண்ணைக் கொடுத்த இடம். இன்னும் கொஞ்ச நேரம் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. எடுத்துவிட்டேன். உப்பும் மிளகும் தூவி, வாழையிலைத் துண்டில் வைத்து, என் கையால்தான் மகளிடம் கொடுத்தேன். அவள் தின்றாள்.

பத்து நாள் கழித்து அவளுக்குக் காய்ச்சல். மேலெல்லாம் வலி, நடுக்கம். கோவில்பட்டியில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். டாக்டரம்மா, "வேகாத கறி ஏதாவது சாப்பிட்டாங்களா?" என்று கேட்டார். சம்பந்தியம்மா முந்திக்கொண்டு, "வெளிய எதுவும் வாங்கிக் குடுக்கதில்லம்மா, எல்லாம் வீட்டுச் சாப்பாடுதான்" என்றார். நான் பக்கத்தில்தான் நின்றேன். கோயிலில் மூடிய வாயை அங்கேயும் மூடிக்கொண்டு நின்றேன்.

மறுநாள் காலையில் டாக்டரம்மா தனியாக நடந்து வரும்போது குறுக்கே போய்ச் சொன்னேன்.

"சுவரொட்டி வேகலம்மா. நாந்தான் சுட்டுக் குடுத்தேன்."

அவர் என்னைப் பார்த்தார். "நேத்து கேட்டேன்லய்யா" என்றார். அதற்கு மேல் என்னோடு பேசாமல் வேகமாக உள்ளே போனார். மருந்தை மாற்றினார்கள்.

மூன்றாம் நாள் ஸ்கேனில் பிள்ளைக்குத் துடிப்பு இல்லை. அந்தக் கறியால்தானா என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். "இருக்கலாம். உறுதியா சொல்ல முடியாது" என்றார். என்னைத் தேற்றுவதற்காகச் சொன்னாரோ என்னவோ.

எல்லாம் முடிந்த பிறகு மகளிடம் நானே சொன்னேன், உள்ளே சிவப்பாக இருந்தது எனக்குத் தெரியும் என்று. அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

"வாயில வைக்கும்போதே பச்ச வாடை அடிச்சதுப்பா. நீங்க சுட்டதுதானேன்னு முழுங்கிட்டேன்" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருக்கலாம். நான் அவள் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தேன்.