விட்டுப்போன இடப்பக்கம்

அந்தத் தெருவில் எல்லோரும் அவரைச் சீப்பண்ணன் என்றுதான் கூப்பிட்டார்கள். எந்நேரமும் காதில் ஒரு சீப்பைச் சொருகியிருப்பார். முப்பது வருடமாக முடி வெட்டுகிறவர். கடையில் இரண்டு நாற்காலிகள். ஒன்று அவருடையது, மற்றது அவர் மனைவியின் தம்பியுடையது. இருவருக்கும் கத்தரி ஓய்ந்தாலும் வாய் ஓயாது.

ஐம்பத்து மூன்றாவது வயதில் ஒரு நாள், பக்கத்துப் பள்ளி ஆசிரியருக்கு முடி வெட்டிவிட்டு, போர்த்திய துணியை உதறி, "முடிஞ்சது சார்" என்றார். ஆசிரியரின் வலப்பக்கம் கச்சிதமாக இருந்தது. இடப்பக்கத்தில் கத்தரி படவே இல்லை.

"என்னண்ணே, மிச்சத்துக்கு நாளைக்கு வரணுமா?" என்று ஆசிரியர் சிரித்தார்.

சீப்பண்ணனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "ஏன் சார், நல்லாத்தானே இருக்கு?"

அவர் நடிக்கவில்லை. அவரைப் பொறுத்தவரை வேலை முடிந்துவிட்டது. மைத்துனன் எதையோ கேலியாகப் பேசி ஆசிரியரைத் தன் நாற்காலிக்கு மாற்றி, மீதியை வெட்டி அனுப்பினான்.

அது அதோடு நிற்கவில்லை. வாரத்துக்கு இரண்டு பேர், பிறகு தினமும் ஒருவர். மைத்துனன் சத்தமில்லாமல் சரிசெய்துகொண்டே வந்தான். கண் மங்கியிருக்கும், தூக்கம் போதவில்லை என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். அக்காவிடம் சொன்னால் மாமாவின் மானம் போய்விடும் என்ற பயம் வேறு. இப்படியே இரண்டு மாதம் ஓடிவிட்டது.

வீட்டிலும் சில விஷயங்கள் நடந்தன. சீப்பண்ணனுக்குக் காலையில் எழும்போதே தலைவலி. இடது தோள் கதவு நிலையில் இடித்துக்கொண்டே இருந்தது. சாப்பிட்டு எழுந்தால் தட்டின் இடது பாதி அப்படியே இருக்கும். ஒரு நாள் மனைவி தட்டை மெல்லத் திருப்பி வைத்தார். "இதை எப்ப வச்ச?" என்று சீப்பண்ணன் கேட்டுவிட்டு அதையும் சாப்பிட்டார்.

"டாக்டரைப் பாத்துட்டு வந்துருவோமே" என்றால், "எனக்கு என்ன கேடு?" என்று எரிந்து விழுவார்.

மனைவி ஒரு பேக்கரியில் வேலை பார்த்தார். ரொட்டி வாங்க வந்த ஆசிரியர் பேச்சோடு பேச்சாகச் சொன்னார்: "உங்க தம்பி இருக்கப்போய்த் தப்பிச்சோம்மா. இல்லேன்னா இந்த ஊரே பாதித் தலையோடதான் நடமாடும்."

மறுநாளே மனைவி சீப்பண்ணனை மருத்துவமனைக்கு இழுத்துக்கொண்டு போனார்.

மூளை அறுவை மருத்துவர் ஒரு பெண்மணி. ஒரு தாளைக் கொடுத்துக் கடிகாரம் வரையச் சொன்னார். சீப்பண்ணன் வட்டம் போட்டு, ஒன்று முதல் பன்னிரண்டு வரை எல்லா எண்களையும் வலது பாதியிலேயே நெருக்கி எழுதி, "பன்னிரண்டும் இருக்கு, எண்ணிப் பாத்துக்கங்க" என்றார். மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஸ்கேனில் மூளையின் வலப்பக்கம், பின்பகுதியில் கட்டி தெரிந்தது. இடப்பக்க உலகத்தைக் கவனித்துக்கொள்கிற இடம் அது. கண்ணில் பழுதில்லை. ஆனால் அந்தப் பக்கம் ஒன்று இருப்பதே அவர் மனதுக்கு எட்டவில்லை.

அறுவைக்கு முன்னால், "தலை முழுக்க மழிக்க வேண்டாம், ஒரு கோடு மட்டும் எடுத்தாப் போதும்" என்றார் மருத்துவர்.

"வேணாம்மா, முழுசா எடுத்துருங்க. கோணல்மாணலா இருந்தா என் கடைக்குத்தான் கெட்ட பேரு."

ஐந்து மணி நேர அறுவை. எடுத்த சதையைச் சோதித்ததில் புற்றுநோய் என்று முடிவு வந்தது. அதுவும் வேகமாக வளர்கிற வகை.

மருத்துவர் மனைவியையும் மைத்துனனையும் உட்காரவைத்துச் சொன்னார்: "கண்ணுக்குத் தெரிஞ்ச கட்டிய எடுத்துட்டோம். ஆனா இது மணல்ல சிந்தின சர்க்கரை மாதிரி. அள்ளினாலும் கொஞ்சம் கலந்து நின்னுடும். அதை அடக்கத்தான் கதிர் சிகிச்சையும் மாத்திரையும். முழுசாக் குணமாகும்னு நான் பொய் சொல்ல மாட்டேன். நல்லா இருக்கற நாளைக் கூட்டித்தர முடியும்."

"ரெண்டு மாசம் முன்னாடியே வந்திருந்தா?" என்று மைத்துனன் கேட்டான்.

"கட்டி சின்னதா இருந்திருக்கும். முடிவு மாறியிருக்குமான்னு என்னால சொல்ல முடியல."

அறையை விட்டு நடைக்கு வந்ததும் மனைவி தம்பியைப் பார்த்தார். "தெரிஞ்சும் வாய மூடிக்கிட்டு இருந்தியேடா, பாவி." அன்றோடு அவனிடம் பேசுவதை விட்டுவிட்டார்.

ஆனால் அவன் வராமல் இருக்கவில்லை. ஆறு வாரம், வாரத்துக்கு ஐந்து நாள், காலையில் கடையைப் பூட்டிவிட்டு மாமாவைக் கதிர் சிகிச்சைக்குக் கூட்டிப்போனான். தலை அசையாமலிருக்க முகத்தின் அச்சிலேயே ஒரு வலைமூடி செய்து, மேசையோடு பூட்டிவிடுவார்கள். "மீன் மாதிரி வலையில கிடக்கேன்டா" என்பார் மாமா. மாத்திரை குமட்டியது. மூளை வீக்கத்துக்குக் கொடுத்த மருந்தோ அகோரப் பசியையும் முன்கோபத்தையும் கிளப்பியது. அக்கா வாடகைக் காரின் முன்னிருக்கையில் உட்கார்ந்து ஜன்னலையே பார்த்துக்கொண்டு வருவார்.

பிறகு எட்டு மாதம் நன்றாகப் போனது. சீப்பண்ணன் தலையை இடப்பக்கம் திருப்பித் தேடப் பழகிக்கொண்டார். கத்தரியை மட்டும் மறுபடி தொடவில்லை. அடுத்த ஸ்கேனில் கட்டி திரும்ப வளர்ந்திருந்தது. இன்னொரு அறுவை வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார்.

படுக்கையில் விழுந்த வாரத்தில், ஒரு மத்தியானம், மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏம்மா, அவன்மேல கோபப்படாத. சொல்லாதேன்னு சத்தியம் வாங்கினதே நான்தான்" என்றார்.

மனைவி நேரே கடைக்குப் போய்த் தம்பியிடம் கேட்டார். அவன் கையிலிருந்த கத்தரியைக் கீழே வைத்தான்.

"இல்லக்கா. மாமா அப்படிச் சொல்லவே இல்ல. அவருக்கு எதுவும் தெரியாது. தப்பு என்னோடதுதான்."

அக்காவுக்கு முகத்தில் அறைந்தாற்போல இருந்தது. சாகக் கிடக்கிற மனுஷன் மைத்துனனுக்காகப் பொய் சொல்லியிருக்கிறார். காப்பாற்ற வந்த பொய்யை ஏற்காமல் தம்பி உண்மையைச் சொல்கிறான். கோபம் தீர்ந்துவிட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் அதைச் சுமக்க அதற்குமேல் அவருக்குத் தெம்பில்லை.

"கடையப் பூட்டிட்டு வா. ராத்திரி பகலா நான் ஒருத்தியே அவரைத் தூக்கித் திருப்ப முடியல" என்றார்.

பதினெட்டு நாள் இருவரும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டார்கள். பத்தொன்பதாம் நாள் காலை, மைத்துனன் அவர் உதட்டை ஈரத்துணியால் நனைத்துக்கொண்டிருந்தபோது மூச்சு நின்றது. அவன் அக்காவை எழுப்பி, இந்த முறை அவரிடம்தான் முதலில் சொன்னான்.